அத்தைக்குக் காய்ச்சல்

"எங்களுக்கு அத்தையே கிடையாதுங்க" என்றாள் வந்தவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தாயிற்று. "அவர் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. அப்புறம் எந்த அத்தைக்குக் காய்ச்சல்?"

மேஜை மேல் கணவன் எழுதிய ஒரு தாளை விரித்தாள். பத்து நாள் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே வரி: 'மதியம். அத்தைக்குக் காய்ச்சல்.' நடுவில் ஒரு செவ்வாயும் ஒரு புதனும் மட்டும் வேறு மாதிரி: 'அத்தை நலம்.'

"தினமும் மத்தியானம் மட்டும் காய்ச்சல் வருதுன்னா அது அத்தை இல்லைங்க" என்றான் கொழுந்தன். "அரை நாள் லீவு கேக்கற ஆபீஸ்காரங்க."

"தம்பி, வாயை மூடிட்டு ஜன்னலைத் திற" என்றாள் அண்ணி.

உண்மையில் அவள் அவனுக்கு மட்டும்தான் அண்ணி. அவன் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழே டயர்க் கடைக்காரரில் இருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் அலுவலகத்தில் வேலை. லாரியின் இருமலைக் கேட்டே அதன் வயசைச் சொல்வாள். வேலையை விட்டு, டயர்க் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது, வாயாலேயே நாலு வேலையை இழந்திருந்த கணவனின் தம்பியையும் சேர்த்துக்கொண்டாள்.

வந்தவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் ஒரு கார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் சோதனை ஓட்டுநர். எதைப் பார்த்தாலும் அளந்து எழுதி வைக்கிற பழக்கம். அதனால் எல்லோருக்கும் அவன் 'மீட்டர்'.

"முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரலை" என்றாள். "அதே நேரம் வண்டியோட சோதனை நோட்டும் காணோம். போட்டிக் கம்பெனிக்கு வித்துட்டான்னு சொல்றாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நோட்டு வரலேன்னா போலீஸ்ல புகார் தருவாங்களாம்."

"அவர் பேசினாரா?"

"மூணு தடவை. ஒவ்வொண்ணும் வேற வேற நம்பர். பின்னாடி பஸ் சத்தம். 'நான் தப்பு பண்ணலை, நாளைக்கு நாலு மணி தாண்டினதும் வந்துடறேன்'னு சொல்லிட்டு வச்சுட்டார். அது நேத்து."

"இன்னிக்கு நாலு மணிக்கு என்ன விசேஷம்?"

"அவர் ஓட்டற காரைப் பார்க்க இயக்குநர்கள் வர்றாங்க."

அண்ணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "வீட்டைப் பார்க்கணும். இப்பவே."

வீட்டில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, சமையலறையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ். கொழுந்தன் பசியில் அதைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணி, இந்த வீட்ல காய்கறியே வாங்க மாட்டாங்க போலிருக்கு. தண்ணி மட்டும்தான்."

இரண்டு தட்டு முழுக்க ஒரு லிட்டர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் தேதி, கீழே 'காலை' அல்லது 'மதியம்', அதற்கும் கீழே 'குடிக்காதே'.

"கார் புகைக்குழாயில பிடிச்ச தண்ணின்னு சொன்னார்" என்றாள் மீட்டரின் மனைவி. "விளையாடறார்னு நினைச்சேன். புகைக்குழாயில தண்ணி வருமா?"

"இந்தக் கார்ல வரும். இது பெட்ரோலை எரிக்கற வண்டி இல்லை. டேங்க்ல ஹைட்ரஜன் வாயு இருக்கும். உள்ள எரிபொருள் செல்னு ஒரு பெட்டி. வாயுவும் காத்தும் அதுல சேர்ந்தா கரன்ட் வரும், அந்தக் கரன்ட்ல வண்டி ஓடும். புகை கிடையாது, தண்ணிதான்."

"அப்ப வண்டி ஒண்ணுக்குப் போகுது" என்றான் கொழுந்தன்.

"வேர்க்குதுன்னு சொல்லு."

அண்ணி பாட்டில்களை எடுத்துச் சமையல் மேடையில் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாள். காலைப் பாட்டில்கள் எல்லாம் கழுத்து வரை. மதியப் பாட்டில்களில் மூன்றில் இரண்டு பங்குதான். செவ்வாய், புதன் இரண்டு நாள் மட்டும் மதியப் பாட்டிலும் கழுத்து வரை.

"அத்தை நலமா இருந்த நாள்" என்று முணுமுணுத்தாள்.

"காலையிலும் மத்தியானமும் ஒரே தூரம்தான் ஓட்டுவாரா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"ஒரே தூரம், ஒரே பாதை, ஒரே வேகம்" என்றாள் மீட்டரின் மனைவி. "அதுல ஒரு மீட்டர் கூடக் குறையாது. அதுக்குத்தானே அந்தப் பேரு."

அண்ணி ஒரு மதியப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "வேலை செஞ்சா வேர்க்கும் தம்பி. வேர்வை மூணுல ஒரு பங்கு குறையுதுன்னா?"

"நிழல்ல ஓட்டியிருப்பார்."

"வேலையில மூணுல ஒரு பங்கை வேற யாரோ செய்யறாங்க. யாருன்னு அத்தைக்குத் தெரியும். கிளம்பு."

ஆராய்ச்சிப் பிரிவின் வாசலில் காவலர் மூன்று பேரையும் தடுத்தார். அண்ணி அவரிடம் போனை வாங்கி உள்ளே பேசினாள். "உங்க நோட்டு ஏன் காணாமப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்ற ஒரே வாக்கியம். கேட் திறந்தது.

பிரிவின் தலைவி டாக்டர் தானே எதிரில் நடந்து வந்தாள். ஊசி போடாத டாக்டர். எரிபொருள் செல்லில் பட்டம் வாங்கியவள். ஐம்பது வயசு, கோட்டுப் பையில் நாலு பேனா, ஒன்றுக்கும் மூடி இல்லை. நிற்கும்போதும் கால் நடந்துகொண்டே இருந்தது.

"நோட்டு எங்கே?"

"வரும். அதுக்கு முன்னாடி, அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் நடந்தபடியே சொன்னாள். அவர்கள் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒரு தடவை வாயு நிரப்பினால் வண்டி எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதுதான் சோதனை. மூன்று வருஷமாக அறுநூறைத் தாண்டவில்லை. எண்ணூறு வராவிட்டால் பிரிவை மூடுவது என்று இயக்குநர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். பிரிவில் இருபத்திரண்டு பேர். போன மாசம் திடீரென்று மதிய ஓட்டங்களில் மட்டும் தொள்ளாயிரம் வரத் தொடங்கியது.

"காலையில அறுநூறு. மத்தியானம் தொள்ளாயிரம். ஏன் தெரியுமா? வெயில் ஏறினா என் செல் சுறுசுறுப்பாகுது. சூட்டுல அதோட குணமே மாறுது. இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. நாற்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன்." பேசும்போது அவள் முகத்தில் வயசு இறங்கியது. "ஆனா நோட்டு இல்லாம அது வெறும் கதை."

கொழுந்தன் அண்ணியின் காதோரம் குனிந்தான். "பாட்டி வடை சுட்ட கதையை விட நல்லாயிருக்கு. இவங்கதான் பண்றாங்க."

"அவசரப்படாதே."

ஷெட்டில் கார் நின்றது. வெள்ளை நிறம், பார்வைக்குச் சாதாரண வண்டி. அதன் கீழிருந்து ஒரு பெண் மெக்கானிக் சறுக்கி வெளியே வந்தாள். கொழுந்தன் நேராக அவளிடம் போனான்.

"அக்கா, இங்க அத்தைன்னு யாராவது இருக்காங்களா?"

மெக்கானிக் சிரித்துவிட்டாள். "பின்சீட்ல பாருங்க. மூணு பேரும் உட்கார்ந்திருக்காங்க."

பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இரும்புப் பெட்டிகள், தரையோடு போல்ட் போட்டு, ஈயமுத்திரை வைத்து.

"வண்டியில ஆள் இருந்தா என்ன எடை வருமோ, அந்த எடையில மணல். பெரிய மாமா, சின்ன மாமா, ஓரத்துல அத்தை. அசையவும் மாட்டாங்க, இறங்கவும் மாட்டாங்க. மீட்டர்தான் பேரு வச்சது."

அண்ணி ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டாள். மூன்றும் சில்லென்று இருந்தன.

"மணலுக்குக் காய்ச்சல் வருமா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு டாக்டரின் பக்கம் திரும்பினாள். "போன வாரம் செவ்வாய், புதன் மத்தியானம் எவ்வளவு வந்துச்சு?"

"அறுநூறுதான். மேகமூட்டம்."

"மேகம் இருந்துச்சா?"

டாக்டரின் கால் முதல் தடவையாக நின்றது. "இருந்திருக்கணும்."

"இல்லைம்மா" என்றாள் மெக்கானிக், கையைத் துடைத்தபடி. "அந்த ரெண்டு நாளும் வெயில் கொளுத்துச்சு. ஐயா ஊர்ல இல்லாததால நீங்க கேன்டீன் வரைக்கும் நடந்து போனீங்க. மண்டை காயுதுன்னு என்கிட்டயே சொன்னீங்களே."

"ஐயா யாரு?" என்றாள் அண்ணி.

"என் வீட்டுக்காரர்" என்றாள் டாக்டர். "அடுத்த கட்டடத்துல ஹைபிரிட் பிரிவுக்குத் தலைவர். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடற வண்டி. தினமும் ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டு வருவார். நான் என் அறையில சாப்பிடுவேன், அவர் இங்க வண்டியோட உட்கார்ந்திருப்பார். என் வண்டின்னா அவருக்கு ரொம்ப இஷ்டம். எதுக்கு இதெல்லாம்?"

மணி பன்னிரண்டு ஐம்பது.

"இன்னிக்கும் வழக்கம்போலச் சாப்பிடுங்க" என்றாள் அண்ணி. "நாங்க வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம். ஒரு மணி நேரம் எனக்காகப் பொறுங்க."

டாக்டர் வேகமாகத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

உதிரிபாக அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றார்கள். மீட்டரின் மனைவி போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொழுந்தனுக்குக் கால் தரையில் நிலைக்கவில்லை.

"ரெண்டுங்கெட்டான் வண்டிக்குத் தலைவர்! புரிஞ்சு போச்சு அண்ணி. பொண்டாட்டி பிரிவு ஜெயிச்சா இவர் பிரிவு படுத்துடும். அதான் ஏதோ பண்ணி, நாலு மணிக்கு இயக்குநர்கள் முன்னாடி மானத்தை வாங்கப் போறார்."

"அவர் மானத்தை வாங்கணும்னா ஒரு நாள் போதும். எதுக்கு ஒரு மாசம் தினமும் வரணும்?"



சரியாக ஒரு மணிக்கு டாக்டரின் கணவர் வந்தார். ஒடிசலான மனிதர், மடித்துவிட்ட சட்டைக் கை, தோளில் அகலமான ஒரு சாப்பாட்டுப் பை. மனைவியின் அறைக்குள் போய்ப் பாத்திரங்களை வைத்துவிட்டு, பையோடு வெளியே வந்தார். காரின் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கதவு மூடிக்கொண்டது. ஐம்பது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை.

ஒன்று ஐம்பதுக்கு அவர் இறங்கி, அறைக்குப் போய்க் காலிப் பாத்திரங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது கொழுந்தன் குறுக்கே வந்தான்.

"கொடுங்க சார், நான் தூக்கறேன்."

"வேண்டாம்ப்பா, நீ யாரு..."

அதற்குள் பை இவன் கைக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. "அம்மா ஒண்ணும் சாப்பிடலையா சார்? பாத்திரம் காலி, பை கனமா இருக்கு!"

பையின் மேல் தட்டில் பாத்திரங்கள். அதைத் தூக்கினால் கீழே செங்கல் அளவில் ஒரு கறுப்புச் சார்ஜர், சுருட்டி வைத்த கேபிள்.

"வீட்டுக்காரம்மாவுக்கும் சாப்பாடு, வண்டிக்கும் சாப்பாடு" என்றான் கொழுந்தன். "ரெண்டு பேருக்கும் ஒரே பையில!"

சத்தம் கேட்டு டாக்டர் வந்து நின்றாள். கையில் இன்னும் ஈரம்.

"டாக்டர்" என்றாள் அண்ணி, "பின்சீட்ல அந்த ஓரப் பெட்டியைத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் குனிந்து கையை வைத்தாள். பெரிய மாமாவையும் சின்ன மாமாவையும் தொட்டாள். மறுபடி அத்தையைத் தொட்டாள். அது மட்டும் சுட்டது. இந்தத் தடவை கையை எடுக்கவேயில்லை.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெட்டியில் இருப்பது மணல் இல்லை, பேட்டரி. மதியம் சார்ஜ் ஏறுகிறது. மதிய ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலையை அது செய்கிறது. வாயு மிச்சமாகிறது, தண்ணீர் குறைகிறது, அறுநூறு தொள்ளாயிரம் ஆகிறது. வெயிலுக்கும் அவள் செல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"நாற்பது பக்கம்" என்றாள்.

 கணவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"நான்தான்" என்றார் அவர். "எங்க பிரிவுல கழிச்சுப் போட்ட பேட்டரி. ஒரு ஞாயித்துக்கிழமை பகுதி பகுதியாக் கொண்டு வந்து மாட்டினேன், முத்திரையையும் நானே வச்சேன்."

"என்னைக் கவுக்கவா?"

"உன்னையா?" அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஆறு மாசமா வீட்ல நடந்துட்டே இருந்தே. கட்டில்ல இருந்து எழுந்து கூடம், கூடத்துல இருந்து பால்கனி. மூடிடுவாங்க, மூடிடுவாங்கன்னு. என்னால பார்க்க முடியலை. ஒரே ஒரு தடவை நல்ல நம்பர் காட்டினா உனக்கு அவகாசம் கிடைக்கும்னு நினைச்சேன். முதல் நாள் தொள்ளாயிரம் வந்தப்ப நீ வீட்டுக்கு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினே. மறுநாள் நான் சார்ஜ் போடலேன்னா நம்பர் விழுந்துடும். நீ மறுபடி எழுந்துடுவே. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"நான் காரணம் தேடினேனே. என் கண்ணு முன்னாடி நான் எழுதறதைப் பார்த்துட்டு இருந்தியே."

"சொல்ல வந்தேன். நீ சந்தோஷமா இருந்தே."

"அது சந்தோஷமா?" டாக்டரின் குரல் ஏறவில்லை, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "என் மூணு வருஷத்தை நீ பொய்யாக்கிட்டே. அறுநூறு என்னோடது. குறைச்சலா இருந்தாலும் என்னோடது."



மீட்டரின் மனைவி மெதுவாக அண்ணியின் கையைத் தொட்டாள். "அப்ப எங்க வீட்டுக்காரர்?"

"அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், தண்ணியை அளந்து பார்த்தார், யாரோ ஏமாத்தறாங்கன்னு கண்டுபிடிச்சார்" என்றாள் அண்ணி. "டாக்டர்தான் பண்றாங்கன்னு நினைச்சார். காட்டிக் கொடுக்கவும் மனசு வரலை, இயக்குநர்கள் முன்னாடி பொய் வண்டியை ஓட்டவும் மனசு வரலை. நோட்டு இல்லேன்னா இன்னிக்கு நிகழ்ச்சி நடக்காது, டாக்டர் பொய் சொல்ல வேண்டி வராது. அவ்வளவுதான் அவர் கணக்கு."

"முன்னாடி வேற இடத்துல ஓட்டினப்ப ஒரு விபத்து. அதுக்கப்புறம் அவரை யாரும் வேலைக்கு எடுக்கலைங்க" என்றாள் மீட்டரின் மனைவி. "டாக்டரம்மாதான் எடுத்தாங்க."

இரண்டு பத்துக்கு அவள் கையில் போன் அடித்தது. புது நம்பர். டாக்டர் கையை நீட்டினாள்.

"தம்பி, நான்தான் பேசறேன்."

மறுமுனையில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"நான் ஏமாத்தலைப்பா. எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும். இப்ப எங்க இருக்கே?"

"தெரியலைம்மா" என்றது குரல். "ரெண்டு நாளா பஸ் மாறி பஸ் மாறிப் போயிட்டிருக்கேன். சும்மா உட்கார முடியலை."

"இறங்கி எதிர்ப்பக்கம் ஏறு. நோட்டைக் கொண்டு வா. நாலு மணிக்கு எனக்கு டிரைவர் வேணும்."

அடுத்த ஒன்றரை மணி நேரம் ஷெட்டில் யாரும் உட்காரவில்லை. மெக்கானிக் அத்தையின் ஈயமுத்திரையை உடைத்தாள். பேட்டரியை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். கொழுந்தன் வாளி வாளியாக மணல் சுமந்து பெட்டியை நிரப்பினான். "துப்பறியற வேலைன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க" என்று ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தடவை சொன்னான். டாக்டர் நாற்பது பக்கத்தையும் தன் மேஜையிலிருந்து எடுத்து வந்து, முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மூன்று ஐம்பதுக்கு மீட்டர் ஓடி வந்தான். கசங்கிய சட்டை, கக்கத்தில் நோட்டு. அவன் மனைவி அவனை ஒரு அடி அடித்துவிட்டு, அதே கையால் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

இயக்குநர்கள் ஐந்து பேர். டாக்டர் அவர்கள் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். கணவரின் பெயரை அவள் சொல்வதற்கு முன் அவரே முன்னால் வந்து நின்றார்.

"அப்ப தொள்ளாயிரம்?" என்றார் ஒருவர்.

"இல்லை. எப்பவும் இருந்ததில்லை. இப்ப இவர் ஓட்டப் போறார். என்ன வருதோ அதைப் பாருங்க."

மீட்டர் ஓட்டினான். ஓடுபாதையில் வெள்ளைக் கார் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. புகைக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. செலவான வாயுவை வைத்து முழு டேங்குக்குக் கணக்குப் போட்டார்கள். அறுநூற்றுப் பதினொன்று.

இயக்குநர்கள் கதவை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிவு டாக்டருக்கு இனிக்கவில்லை. கார் திட்டம் நின்றது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி அறுநூறு போகிற செல்லை, தினம் ஒரே பாதையில் போய்த் திரும்பும் சரக்கு லாரிகளில் வைத்துப் பார்க்க ஒரு வருஷம் தந்தார்கள். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் அவளோடு. மற்றவர்களுக்கு வேறு பிரிவில் இடம். மீட்டர் மேல் புகார் இல்லை. டாக்டரின் கணவரின் ராஜினாமாவை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு அண்ணியும் கொழுந்தனும் வெளியே வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் டாக்டரின் கணவர் தன் காரோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. டாக்டர் வந்தாள். அவர் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"லாரியோட எடைக்கு எல்லாம் முதல்ல இருந்து போடணும்" என்றாள், அவரைப் பார்க்காமல். "ஒரு வருஷம்தான் இருக்கு. இனிமே என் வேலைப் பக்கம் நீ வரக்கூடாது. சாப்பாட்டோடயும் வரக்கூடாது."

"சரி."

"தூங்கலேன்னா தூங்கலை. அது என் பாடு."

"சரி."

அவள் திறந்திருந்த முன்கதவைப் பார்த்தாள். டாக்டர் முன்கதவைச் சாத்தினாள். பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, மடியில் ஒரு புது நோட்டைப் பிரித்துக்கொண்டாள்.

அவர் சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.